மனநோய்ச் சொற்களின் கிரேக்க, இலத்தீன் வேர்கள்: ஓர் எளிய அறிமுகம்

கோபத்தில் ஒருவர் மற்றவரை ‘மென்டல்’ என்றும் ‘சைக்கோ’ என்றும் திட்டுவதைக் கேட்காத தமிழர் இன்று இருக்க முடியாது. முதற்சொல் இலத்தீனிலும் இரண்டாவது சொல் கிரேக்கத்திலும் பிறந்து, ஆங்கிலத்தின் வழியாக நம் பேச்சில் கலந்தவை. இலத்தீனில் ‘மென்ஸ்’ என்றால் மனம். ஆகவே ‘மென்டல்’ என்பதற்கு ‘மனம் சார்ந்தது’ என்பதற்கு மேல் சொல்லளவில் பொருள் கிடையாது. கிரேக்கத்தில் ‘ப்சூகே’ என்பது முதலில் மூச்சையும், அதிலிருந்து உயிரையும், பின்னர் ஆன்மாவையும் குறித்தது. இவ்வளவு மதிப்பான பொருளுடைய இரு சொற்கள் வசையாக மாறியிருக்கின்றன.

இத்தகைய சொற்களின் பிறப்பைப் பற்றிப் பரவும் செய்திகளில் பாதிக்கு மேல் அரைகுறையானவை. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் ஓருடலில் இரண்டு ஆட்கள் குடியிருப்பது என்கிறார்கள். பெண்களின் மனக்கோளாறாக ஒருகாலத்தில் கருதப்பட்ட ஹிஸ்டீரியாவுக்கு அப்பெயரைச் சூட்டியவர் பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் என்கிறார்கள். முழுநிலவன்று மனநோய் முற்றும், மனநோயாளியைக் குறிக்கும் ‘லூனடிக்’ என்ற ஆங்கிலச் சொல்லே அதற்குச் சான்று என்கிறார்கள். மூன்றுமே சொல்லின் வேரைக் காட்டிப் பேசுகின்றன, மூன்றுமே தவறானவை. நோயுற்றவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் இந்தத் தவறுகளின் சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால், வேர்களைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

விளக்கம் மறைந்தாலும் பெயர் நிலைக்கும்

‘கிரகணம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்குப் ‘பற்றுதல்’ என்று பொருள். ராகுவும் கேதுவும் ஞாயிற்றையும் திங்களையும் பற்றுகின்றன என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. நிழலால் ஏற்படும் நிகழ்வு அது என்பதைப் பள்ளிப் பாடநூல் தெளிவாகச் சொல்கிறது; ஆனால் அந்தப் பாடநூலும் ‘கிரகணம்’ என்றே அச்சிடுகிறது. நம்பிக்கை போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்து வானில் எதுவோ எதையோ பற்றுகிறது என்று ஒருவர் முடிவு செய்தால், அது வானியலாகாது.

ஒரு சொல் எந்த மொழியில், எந்தப் பகுதிகளால், என்ன பொருளில் உருவாயிற்று என்று ஆராயும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். அந்தப் பழைய பொருளே இன்றும் உண்மையான பொருள் என்று கொள்வதை வேர்ப்பொருள் மயக்கம் எனலாம்.

மருத்துவத்திலேயே இதற்கு நேர்ச்சான்று உண்டு. வலிப்பு நோயைக் குறிக்கும் ‘எபிலெப்ஸி’ என்ற சொல்லும் கிரேக்கத்தில் ‘பற்றிக்கொள்ளுதல்’ என்றே பொருள்படும். தெய்வமோ ஆவியோ பற்றுவதாக மக்கள் கருதினார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, ஹிப்போகிரட்டீஸின் மரபைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் இந்தப் ‘புனித நோய்’ பற்றி ஒரு நூலே எழுதினார். மற்ற நோய்களைவிட இது எவ்வகையிலும் கூடுதலாகப் புனிதமானதன்று, இதன் காரணம் மூளையில் இருக்கிறது என்று அதில் அவர் வாதிட்டார். இன்று அவருடைய வாதம் வென்றுவிட்டது. அவர் மறுத்த நம்பிக்கையோ நோயின் பெயரில் இன்னமும் வாழ்கிறது.

‘மனம்’ என்ற வேர்

கிரேக்கம், இலத்தீன், வடமொழி ஆகியவை இந்தோ-ஐரோப்பியம் எனப்படும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது, எழுத்தில் பதிவாகாத ஒரு தொல்மொழியிலிருந்து கிளைத்தவை. அத்தொல்மொழியில் ‘மென்’ என்ற வேர் நினைத்தலையும் உள்ளம் கிளர்தலையும் குறித்ததாக மொழியியலாளர் கணித்திருக்கிறார்கள். வடமொழியின் ‘மனஸ்’, இலத்தீனின் ‘மென்ஸ்’, கிரேக்கத்தில் உள்ளத்தின் வலிமையையும் வேகத்தையும் குறிக்கும் ‘மெனோஸ்’ ஆகிய மூன்றும் அதிலிருந்து வந்தவை. வடமொழி வழியாக வந்து நாம் அன்றாடம் புழங்கும் ‘மனம்’, ஆங்கிலம் வழியாக வந்த ‘மென்டல்’ இரண்டும் தொலைவில் உறவினர்கள்.

கிரேக்கரின் ‘மானியா’வும் இதே குடும்பம். ‘மைனோமாய்’ என்ற வினையிலிருந்து அது பிறந்தது. சீறுதல், தன்னை மறந்து பொங்குதல் என்பது அவ்வினையின் பொருள். ஹோமரின் காவியத்தில் போர்க்களத்தில் வெறிகொண்டு பாயும் ஹெக்டருக்கு இந்த வினை வருகிறது. தியோனிசஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டில் மலைகளில் ஆடித் திரிந்த பெண்களை ‘மைனாட்’ என்று அழைத்ததும் இதனால்தான். இங்கே நுட்பமான ஒன்று உண்டு: மனம் இல்லாமல் போவது மானியா ஆகாது, மனத்தின் எழுச்சி கரைமீறுவதே மானியா.

அதனால் கிரேக்கர் எல்லா மானியாவையும் நோயாகக் கருதவில்லை. பிளேட்டோவின் ஓர் உரையாடலில் சாக்ரட்டீஸ், தெய்வங்கள் அருளும் மானியா நான்கு வகை என்கிறார்: அப்பல்லோ தரும் குறிசொல்லும் ஆற்றல், தியோனிசஸ் தரும் சடங்கு வெறி, கலைத்தெய்வங்களான மியூஸ்கள் தரும் கவிதை, காதல் தெய்வங்கள் தரும் காதல். குறிசொல்லும் கலைக்குக் கிரேக்கத்தில் ‘மன்திகே’ என்று பெயர். முன்னோர் அதை ‘மனிகே’ என்றுதான் அழைத்தார்கள், இடையில் ‘த’ ஒலியைச் செருகியவர்கள் சுவையறியாத இக்காலத்தார் என்று சாக்ரட்டீஸ் அங்கே சொல்கிறார். சிவபெருமானைப் பித்தன் என்று அன்போடு அழைக்கும் மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு, பித்தும் அருளும் ஒரே சொல்லில் நிற்பது புதிதாக இராது.

ரோமானியர் அதே வேரை எதிர்த்திசையில் பயன்படுத்தினார்கள். சொல்லின் முன்னே ஒட்டி அதன் பொருளை மாற்றும் சிறு துண்டு முன்னொட்டு எனப்படும். ‘விலகி’ என்னும் பொருளுடைய ‘தே’ சேர்ந்தால் ‘தேமென்ஷியா’, அதாவது மனத்திலிருந்து விலகிய நிலை. ‘அ’ சேர்ந்தால் ‘அமென்ஷியா’. இவற்றில் முதற்சொல்லைத்தான் நாம் டிமென்ஷியா என்கிறோம். ஆனால் ரோமானியருக்கு அது முதுமையின் நினைவிழப்பை மட்டும் குறிக்கவில்லை. அறிவுகெட்ட செயல் எதையும் அப்படிச் சொல்லலாம். மூளையின் படிப்படியான தளர்ச்சி என்ற குறுகிய பொருள் மிகவும் பிற்காலத்தது.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: ஒரே வேர் கிரேக்கத்தில் மனத்தின் பெருக்கையும் இலத்தீனில் மனத்தின் இழப்பையும் குறிக்கும் சொற்களைத் தந்தது. வேர் ஒன்றாக இருப்பதால் நோய் ஒன்றாகிவிடாது.

உடலில் காரணம் தேடிய சொற்கள்

‘மெலாஸ்’ என்றால் கருமை, ‘கோலே’ என்றால் பித்தம். இரண்டும் சேர்ந்தது ‘மெலன்கோலியா’, கரும்பித்தம். குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்களின் சமநிலையே உடல்நலம் என்று ஹிப்போகிரட்டீஸ் மரபின் நூல்களில் ஒன்று வகுத்தது. அச்சமும் சோர்வும் நெடுநாள் நீடித்தால் அது கரும்பித்தத்தால் வருவது என்று அம்மரபின் மருத்துவ முதுமொழி ஒன்று கூறுகிறது. வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பிரிக்கும் நம் மருத்துவ மரபை அறிந்தவருக்கு இந்தச் சிந்தனை முறை எளிதில் புரியும். ‘பித்து’ என்ற தமிழ்ச்சொல்லும் ‘பித்தம்’ என்பதோடு பிணைந்தே நிற்கிறது. கிரேக்கச் சொல்லும் நம் சொல்லும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையல்ல. இரு மருத்துவங்களும் ஒரே இடத்தில் காரணத்தைத் தேடியிருக்கின்றன.

மஞ்சள் பித்தம் உடலில் உண்டு. கரும்பித்தம் என்று தனியாக ஒரு நீர்மம் உடலில் கிடையாது. இல்லாத ஒரு பொருளின் பெயரில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவம் நடந்திருக்கிறது. அதற்காக அந்த மருத்துவர்களைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பமாட்டேன். துயரத்தைப் பேயின் வேலை என்னாமல் உடலின் நிலை என்று சொல்லத் துணிந்தது பெரிய காரியம்.

‘ஃப்ரேன்’ என்ற கிரேக்கச் சொல்லின் கதை இன்னும் சுவையானது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானப் பகுதியை அது குறித்தது. ஹோமரின் வீரர்கள் அங்கேதான் சிந்திக்கிறார்கள், அங்கேதான் அஞ்சுகிறார்கள். அதனால் அச்சொல் மனத்திற்கும் பெயராயிற்று. கடுங்காய்ச்சலோடு பிதற்றல் வரும் நோயைக் கிரேக்க மருத்துவர் ‘ஃப்ரெனிட்டிஸ்’ என்றார்கள். வெறியைக் குறிக்கும் ‘ஃப்ரென்ஸி’ என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. இன்றும் உதரவிதானத்தை இயக்கும் நரம்புக்கு ஃப்ரெனிக் நரம்பு என்றே பெயர். மூச்சுத்தசையின் நரம்புக்கும் ஸ்கிசோஃப்ரினியாவுக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு இந்தப் பழைய சொல்தான்.

இனி ஹிஸ்டீரியா. ‘ஹிஸ்டெரா’ என்றால் கருப்பை. கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையை ஹிஸ்டரெக்டமி என்பதும் அதனால்தான். கருப்பை இடம்பெயர்ந்து மேலெழுந்து மூச்சைத் திணற வைக்கிறது என்று கிரேக்க மருத்துவ நூல்கள் சில கூறின. பிளேட்டோவும் குழந்தைக்கு ஏங்கி உடலுக்குள் அலையும் உயிரியாகக் கருப்பையை ஓரிடத்தில் வருணித்திருக்கிறார். ஆனால் ஹிப்போகிரட்டீஸின் தொகுப்பில் ‘ஹிஸ்டீரியா’ என்ற நோய்ப்பெயர் இல்லை. ‘கருப்பை சார்ந்த’ என்னும் பெயரடை மட்டுமே உண்டு. உடலின் திணறலைப் பேசிய அந்தப் பகுதிகளைப் பெண்களின் மனக்கோளாற்றைப் பற்றியனவாக வாசித்தவர்கள் பிற்காலத்தார். பழங்காலத்திலேயே எஃபெசஸ் நகரத்து சொரானஸ் என்ற மருத்துவர், கருப்பை விலங்கைப்போல அலைவதில்லை என்று மறுத்து எழுதினார். அவர் குரல் எடுபடவில்லை. பெண்கள் சொன்ன எத்தனையோ வலிகள் அந்த ஒரு பெயருக்குள் தள்ளப்பட்டுச் சரியான பரிசோதனையின்றிப் போயின என்பதை நினைக்கும்போது, ஒரு பெயர் எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பது விளங்குகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் ஹிஸ்டீரியா ஒரு நோயாக இடம்பெறவில்லை.

பித்தம், உதரவிதானம், கருப்பை ஆகிய மூன்றும் அக்கால உடற்கூற்று அறிவின் தடங்கள். அவற்றில் எதுவும் இன்று நோய்க்காரணமாக ஏற்கப்படுவதில்லை.

நிலவின் பெயரால்

‘லூனா’ என்றால் இலத்தீனில் நிலவு. ‘லூனாட்டிகஸ்’ என்றால் நிலவால் தாக்குண்டவர். மத்தேயு நற்செய்தியில், அடிக்கடி தீயிலும் நீரிலும் விழும் தன் மகனுக்காக ஒரு தந்தை இயேசுவிடம் மன்றாடுகிறார். கிரேக்க மூலத்தில் அந்த மகனின் நோய்க்கு நிலவை வைத்து அமைந்த சொல்லே வருகிறது. இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘லூனாட்டிகஸ்’ என்றது. பழைய தமிழ் வேதாகமம் அதைச் ‘சந்திரரோகி’ என்று கொண்டுவந்தது. அங்கே விவரிக்கப்படும் அறிகுறிகள் வலிப்பு நோய்க்கு உரியவை. ஆக, முதலில் பெரும்பாலும் வலிப்பைச் சுட்டிய ஒரு சொல்லே காலப்போக்கில் மனநோய்க்குப் பெயராகிவிட்டது. முழுநிலவுக்கும் மனநோய் முற்றுவதற்கும் நிலையான தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை.

இந்தச் சொல் ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டமாகவே நம் ஊருக்கு வந்தது. 1871இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட மருத்துவமனையின் பெயரில் ‘லூனடிக்’ என்ற சொல் இருந்தது. 1920களின் தொடக்கத்தில்தான் அது அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசிச் சட்டம், 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும் வரை நாட்டின் சட்டநூலில் இருந்தது. விடுதலை பெற்று நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் ஒருவரை நிலவால் தாக்குண்டவர் என்றே அரசு ஆவணங்கள் குறித்தன. தமிழ்நாட்டில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரும் இலங்கையில் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரும் கேலிச்சொற்களாக மாறியிருப்பதும் இதே வரலாற்றின் பக்க விளைவு.

சால் விலகிய ஏர்

இந்தச் சொற்களிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது ‘டெலிரியம்’. இலத்தீனில் ‘லீரா’ என்பது வயலில் ஏர் கீறும் சால். ‘தே’ என்ற முன்னொட்டை முன்பே பார்த்தோம். மாடு வழிதவறி ஏர் சாலைவிட்டு விலகுவதே ‘தெலிராரே’. பேச்சும் நினைவும் கோடு விலகிப் போவதை உழவர்களின் சொல்லாலேயே ரோமானியர் குறித்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய செல்சஸ் இதனை மருத்துவச் சொல்லாகக் கையாண்டிருக்கிறார்.

இன்றைய மருத்துவத்தில் டெலிரியம் என்பது சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம். ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் காணப்படும். தொற்று, காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, சில மருந்துகள், குடியைத் திடீரென நிறுத்துவது போன்றவற்றால் வரும். ஊர்ப்பக்கம் ‘ஜன்னி கண்டு பிதற்றுகிறார்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். டிமென்ஷியாவோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று பிதற்றினால் ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் அடியில் இருக்கும் காரணம் பல நேரங்களில் சரிசெய்யக்கூடியது.

‘பாரனோயா’வும் வழிவிலகலையே சொல்கிறது: ‘பாரா’ என்றால் பக்கமாக, ‘நூஸ்’ என்றால் அறிவு. கிரேக்கருக்கு அது எவ்வகைப் புத்திபேதலிப்புக்கும் பொதுப்பெயர். முதுமையில் குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் திறனை இழந்த தந்தைமீது மகன் தொடுக்கும் வழக்குக்கு ஏதென்ஸில் இச்சொல்லே வழங்கியது. நாடகாசிரியர் சொஃபக்ளீஸை அவருடைய மகன்கள் இப்படி நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள் என்றும், தாம் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாடகத்தை வாசித்துக் காட்டி அவர் விடுதலை பெற்றார் என்றும் ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசெரோ ஒரு கதை சொல்கிறார். பிறர் தனக்குத் தீங்கிழைக்கச் சூழ்கிறார்கள் என்ற ஆதாரமற்ற உறுதியைக் குறிப்பதாக அப்பொருள் சுருங்கியது அண்மைக்காலத்தில்தான்.

ரோமானியச் சட்டம் செய்த பாகுபாடு

இலத்தீனில் ‘சானுஸ்’ என்றால் நலமானவர். ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தது ‘இன்சானியா’, நலமின்மை. இதற்குப் பக்கத்தில் ‘ஃபுரோர்’ என்ற மற்றொரு சொல் நின்றது. சீற்றம் கொண்ட வெறி அது. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் சிசெரோ மிகுந்த அக்கறை காட்டினார். கி.மு. 45இல் எழுதிய தத்துவ நூலில், ஆசைக்கும் சினத்திற்கும் அடிமையாகி அறிவுநலம் கெட்ட அனைவரையும் இன்சானியா தழுவும் என்றும், மனம் முழுவதும் குருடாகிப்போகும் ஃபுரோர் ஞானிக்கும்கூட நேரலாம், இன்சானியா அவருக்கு நேராது என்றும் விளக்கினார். ஃபுரோரைக் கிரேக்கர் மெலன்கோலியா என்பதை அவர் ஏற்கவில்லை. கரும்பித்தம் மட்டுமா மனத்தைக் குலைக்கிறது, கடுஞ்சினமும் அச்சமும் துயரமும் குலைப்பதில்லையா என்பது அவருடைய கேள்வி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

சிசெரோ தம் பக்கத்துக்குச் சட்டத்தையும் அழைத்தார். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பன்னிரு பலகைச் சட்டம், ஃபுரோர் கொண்டவரின் உடைமையை உறவினரின் பொறுப்பில் வைத்தது. அங்கே ‘இன்சானியா’ என்ற சொல் வரவில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். அறிவற்றவனாக வாழ்வது வேறு, தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமற் போவது வேறு.

இப்பாகுபாடு உயிர்களைக் காத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏலியஸ் பிரிஸ்கஸ் என்பவர் தம் தாயைக் கொன்றுவிட்டார். மன்னர்கள் மார்க்கஸ் அவுரேலியஸும் கொமோடஸும் ஆளுநருக்கு அனுப்பிய பதில் ரோமானியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது: அவர் தொடர்ந்து அறிவிழந்த நிலையிலேயே இருப்பவரென்றால், அந்த வெறியே அவருக்குப் போதிய தண்டனை, அவரைக் கவனமாகக் காவலில் வைக்க வேண்டும், தேவையானால் கட்டியும் வைக்கலாம், ஆனால் அது தண்டிப்பதற்காக அன்று, அவருடைய பாதுகாப்புக்காகவும் அண்டையாரின் பாதுகாப்புக்காகவும். தெளிவான இடைவேளை ஒன்றில் அவர் அதைச் செய்தாரா என்பதையும் ஆராயச் சொன்னார்கள்.

பழைய வேர், புதிய நோய்ப்பெயர்

இனி நாம் பார்க்கப்போவது வேறு வகை. கிரேக்கரும் ரோமானியரும் வழங்கிய சொற்கள் ஒருபுறம்; அவர்களுடைய வேர்களை எடுத்து நவீன மருத்துவர் கட்டிய சொற்கள் மறுபுறம். ஜெர்மானிய மருத்துவர் யோகான் கிறிஸ்டியன் ரைல் 1808இல், ‘ப்சூகே’யோடு மருத்துவரைக் குறிக்கும் ‘இயாட்ரோஸ்’ என்பதைச் சேர்த்து ‘சைக்கியாட்ரி’ என்ற துறைப்பெயரை உருவாக்கினார். பிளேட்டோவிடம் அச்சொல்லைச் சொல்லியிருந்தால், ஆன்மாவின் மருத்துவர் என்று புரிந்துகொண்டு, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று திகைத்திருப்பார்.

ஸ்கிசோஃப்ரினியாவும் இப்படிக் கட்டப்பட்டதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின், இளமையில் தொடங்கி அறிவைச் சிதைப்பதாகக் கருதிய நோய்க்கு ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’, அதாவது முன்கூட்டியே வந்த மனவிழப்பு என்ற இலத்தீன் பெயரை வழங்கினார். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் புளாய்லர் அதை ஏற்கவில்லை. நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எல்லாரையும் சிதைத்துவிடுவதுமில்லை என்பதை அவர் தம் நோயாளிகளிடம் கண்டிருந்தார். எனவே 1908இல், பிளத்தலைக் குறிக்கும் ‘ஸ்கிசெய்ன்’ என்ற கிரேக்க வினையை ‘ஃப்ரேன்’ என்பதோடு இணைத்துப் புதுப்பெயர் தந்தார். பழைய பெயரைவிட இது நோயாளிக்கு நம்பிக்கை அளிப்பது என்பதை இன்று பலர் மறந்துவிடுகிறோம்.

புளாய்லர் சொன்ன பிளவு, எண்ணத்துக்கும் உணர்வுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இணைப்பு தளர்வது. ஓர் ஆள் இரண்டு ஆட்களாவது அன்று. ஒருவருக்குள் தனித்தனி அடையாளங்கள் மாறி மாறித் தோன்றுவதாகத் திரைப்படங்கள் காட்டுவது வேறொரு நிலை. அதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரும் தனி வகைப்பாடும் உண்டு. ஸ்கிசோஃப்ரினியாவில் காணப்படுபவை, இல்லாத குரல்கள் கேட்பது, அசைக்க முடியாத பொய்நம்பிக்கை, சிந்தனை தொடர்பறுவது, ஊக்கம் குன்றுவது போன்றவை. தமிழில் நாம் வழங்கும் ‘மனச்சிதைவு’ என்ற பெயர் புளாய்லரின் பிளவைத் தாண்டி, அவர் விலக்க நினைத்த சிதைவையே மீண்டும் கொண்டுவந்துவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஜப்பானியர் இதே இக்கட்டை எதிர்கொண்டார்கள். புளாய்லரின் சொல்லை அவர்கள் ‘மனம் பிளவுண்ட நோய்’ என்று அப்படியே பெயர்த்திருந்தார்கள். மருத்துவர்கள் நோயாளியிடம் அப்பெயரைச் சொல்லவே தயங்கினார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் அமைப்பு 1993இல் பெயர்மாற்றம் கோரியது. 2002இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம், ஒருங்கிணைவு குலைந்த நிலை என்று பொருள்படும் ‘தோகோ ஷிச்சோஷோ’ என்ற பெயரை ஏற்றது. அந்த ஆண்டில் தம் நோயின் பெயர் தெரிவிக்கப்பட்ட நோயாளிகள் 36.7 விழுக்காட்டினர், ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் அது 69.7 விழுக்காடாக உயர்ந்தது.